வகுப்பதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள்

சென்ற மாதம் ஒரு பள்ளி மாணவர் என்னிடம் வந்தார். "சார், 214,74,83,647 ஒரு பகா எண். செல்போனில் நாலு வரி புரோகிராம் எழுதினேன், கண் இமைப்பதற்குள் விடை வந்துவிட்டது. இதற்குப் போய் நிரூபணம் எதற்கு?" என்றார்.

விடை சரிதான். ஆனால் அந்தக் கேள்வியை நான் ஒப்புக்கொள்ளவில்லை. நீங்களும் ஒப்புக்கொள்ளக் கூடாது என்பேன்.

31 இரண்டுகளைப் பெருக்கி, ஒன்றைக் கழித்தால் அந்த எண் கிடைக்கும். அது பகா எண் என்று 1772-ல் ஆய்லர் காட்டினார். ரஷ்யாவில், பீட்டர்ஸ்பர்க் நகரில், பார்வை அநேகமாகப் போய்விட்ட நிலையில்! நம் மாணவரின் வழியில் போனால், எண்ணின் வர்க்கமூலமான 46,340 வரையுள்ள பகா எண்கள் எல்லாவற்றாலும் வகுக்க வேண்டும். அவை நாலாயிரத்துக்கும் மேல். ஆய்லர் முதலில் கேட்டது வேறு கேள்வி: எவற்றால் வகுத்துப் பார்க்கவே தேவையில்லை?

சிறிய எண்ணில் பார்ப்போம். 11 இரண்டுகளின் பெருக்குத்தொகை 2048. ஒன்று கழித்தால் 2047. பார்வைக்குப் பகா எண் போலவே இருக்கிறது, இல்லையா? 1640-ல் ஃபெர்மா ஒரு விதி சொன்னார். பெருக்கிய இரண்டுகளின் எண்ணிக்கை 11, 31 போன்ற ஒற்றைப்படைப் பகா எண்ணாக இருந்தால், விடையை மீதியின்றி வகுக்கும் எந்தப் பகா எண்ணும், அந்த எண்ணிக்கையின் இரு மடங்கால் வகுக்கப்படும்போது 1 மீதி தரும். 11-ன் இரு மடங்கு 22. ஆகவே 23, 45, 67 என்ற வரிசையில்தான் தேட வேண்டும். 2047-ன் வர்க்கமூலம் 45-ஐச் சற்றே தாண்டுகிறது. 45 பகா எண் அல்ல. மிஞ்சுவது 23 மட்டுமே. வகுத்தால், 23 × 89. ஒரே வகுத்தலில் குட்டு வெளிப்பட்டுவிட்டது!

31-க்கு வந்தால், 62-ஆல் வகுத்து 1 மீதி வர வேண்டும். இத்துடன், அந்தப் பகா எண்ணை 8-ஆல் வகுத்தால் 1 அல்லது 7 மீதி வர வேண்டும் என்பதையும் ஆய்லர் சேர்த்துக்கொண்டார். இரண்டு சல்லடையிலும் தப்பும் எண்கள் நானூறுகூட இல்லை. அவற்றில் பகா எண்கள் நூற்றுக்கும் குறைவு.

கணிப்பொறி வந்தபின் இதெல்லாம் பழங்கதை என்கிறீர்களா? 2024-ல் 1362,79,841 இரண்டுகளைப் பெருக்கி ஒன்று கழித்த எண் பகா எண் என்று கண்டார்கள். அதில் 410,24,320 இலக்கங்கள்! நம் மாணவரின் நாலு வரியை அதன்மீது ஏவினால், சூரியன் அணைந்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கும். இத்தகைய எண்களைத் தேடுவோரின் கணிப்பொறிகள் முதலில் அதே இரண்டு சல்லடைகளில் சலித்துவிட்டுத்தான் பெரிய சோதனைக்குப் போகின்றன. இயந்திரத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. ஆய்வுக்கூடத்தில் கால்குலேட்டர் காட்டும் எட்டுத் தசம இடங்களையும் அப்படியே நோட்டில் எழுதும் பழக்கத்தின் மேல்தான் கோபம்!

13 இரண்டுகளைப் பெருக்கி ஒன்று கழித்தால் 8191. அதன் வர்க்கமூலத்துக்குள் 24 பகா எண்கள் இருக்கின்றன. செல்போனை எடுக்காமல், பென்சிலை எடுங்கள். அது பகா எண்தானா, அதை அறிய எத்தனை முறை வகுத்தீர்கள்? எழுதி அனுப்புங்கள்.