முறிந்த துப்பாக்கிக் கட்டையும் அழிக்கப்படும் சான்றும்

பழந்துப்பாக்கி ஒன்று ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு அனுப்பப்படும் வழியில் சேதமுற்றால், அச்சேதம் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் நிகழ்கிறது. விசைக்குப் பின்னால், சுடுபவர் கை பற்றும் ஒடுங்கிய கழுத்துப் பகுதியில் மரக்கட்டை முறிந்துவிடுகிறது. அதற்குப் பின் நடப்பதும் பெரும்பாலும் ஒன்றே. கடைத்தெருப் பசை, நீண்ட திருகாணி, உப்புத்தாள், வார்னிஷ். சில நாட்களில் துப்பாக்கி மீண்டும் காட்சிப் பேழைக்குள் பளபளப்புடன் நிற்கிறது. பார்வையாளர் எவருக்கும் எதுவும் தெரிவதில்லை. வழியில் நேர்ந்த சேதத்தைவிட இந்தப் பளபளப்பு விளைவிக்கும் சேதமே பெரிது. முறிவு மரத்தை இரண்டாக்குகிறது, அவ்வளவுதான். அவசரப் பழுதுபார்ப்போ அம்மரத்தில் பதிந்திருந்த வரலாற்றையும் சேர்த்துத் தேய்த்துவிடுகிறது.

கழுத்து ஏன் முறிகிறது என்பதை முதலில் பார்க்கலாம். இந்திய வரலாற்று மாணவர்கள் நன்கறிந்த 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கி ஏறத்தாழ 140 செ.மீ. நீளமும் நான்கு கிலோவுக்கு மேற்பட்ட எடையும் கொண்டது. அதன் கட்டை முழுவதும் ஒரே வால்நட் மரத்துண்டால் ஆனது. முன்பக்கம் இரும்புக் குழலின் பாரம், பின்முனையில் பித்தளைத் தகடு. இடையிலுள்ள கழுத்திலோ பூட்டுப் பொறிக்காக ஒரு பக்கம் குடையப்பட்டிருக்கிறது. குழலின் வாலைப் பிணைக்கும் திருகாணிக்கு மேலிருந்து கீழாகத் துளை, விசைக்குக் கீழிருந்து பள்ளம். மரத்தின் நார் ஓட்டம் நேராகச் செல்ல, கட்டை மட்டும் அங்கே வளைந்து இறங்குகிறது. ஆகவே நீண்ட நார்கள் அறுபட்டுக் குறுநார்களே எஞ்சுகின்றன. பெட்டிக்குள் இரு முனைகளுக்கு மட்டும் தாங்கல் வைத்து அனுப்பினால், ஒருமுறை தவறி விழுந்தாலே போதும், வளைவின் விசை முழுவதும் அந்த மெலிந்த இடத்தில் இறங்கும். ஆக, இதை வெறும் விபத்து என்று மட்டும் சொல்லிவிட முடியாது. முழு நீளத்திற்கும் தாங்கல் கொடுப்பதும், மூடியை ஆணி அடித்து அதிர வைக்காமல் திருகாணியால் பூட்டுவதும் செலவு மிகுந்த நுட்பங்கள் அல்ல.

இனி, அந்த மரத்தில் என்னதான் பதிந்திருக்கிறது என்ற கேள்வி. 1857இல் தம்தம், அம்பாலா, சியால்கோட் ஆகிய இடங்களில் அமைந்த பயிற்சி நிலையங்களில் சிப்பாய்களுக்கு அறிமுகமான இந்த என்ஃபீல்டும் அதன் கொழுப்புத் தடவிய தோட்டாவும் பாடநூல்களில் இடம்பெறுகின்றன. எழுச்சிக்குப் பின் நடந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இந்தியச் சிப்பாய்களுக்கென வெளித்தோற்றத்தில் என்ஃபீல்டை ஒத்த, ஆனால் குழலின் உட்புரிகள் நீக்கப்பட்ட மஸ்கெட்டுகள் வழங்கப்பட்டன. தொலைவுக்கேற்ப உயர்த்தக்கூடிய பின் குறிநோக்கிக்கு மாற்றாக அவற்றில் நிலையான குறிநோக்கி பொருத்தப்பட்டது. உட்புரியுள்ள துப்பாக்கி பிரிட்டிஷ் வீரர் கையில். வழவழப்பான குழல் இந்தியச் சிப்பாய் கையில். தொலைவில் உள்ளதைக் குறிபார்த்துச் சுடும் ஆற்றல் யாருக்கு இருக்கலாம், யாருக்கு இருக்கக்கூடாது என்ற அரசியல் முடிவு ஒரு குழலின் உட்சுவரிலும் ஒரு சிறு இரும்புத் தகட்டிலும் எழுதப்பட்டது.

இத்தகைய மஸ்கெட் ஒன்று வழியில் முறிந்து, பழுதுபார்ப்பவர் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் படங்களில் பார்த்திருப்பது புகழ்பெற்ற 1853 மாதிரியை. 'குறிநோக்கி காணாமற்போயிருக்கிறது' என்று எண்ணி, உயர்த்தக்கூடிய நகல் குறிநோக்கி ஒன்றை வாங்கிப் பொருத்துகிறார். கட்டையைத் தேய்க்கும்போது மங்கிய முத்திரைகளும் போகின்றன. முடிவில் பேழையில் இருப்பது அழகான என்ஃபீல்டு. ஆனால் 1857க்குப் பிந்தைய அவநம்பிக்கையின் பொருட்சான்று அங்கே இல்லை. ஏட்டுச்சுவடியின் சிதைந்த வரியைத் தம் ஊகத்தால் நிரப்பி, மூல ஓலையை எறிந்துவிடும் பதிப்பாசிரியரை எந்தத் துறையும் மன்னிக்காது. துப்பாக்கிக்கு மட்டும் அந்த அளவுகோல் ஏன் தளர்கிறது? ஆயுதத்தைப் பொறி என்று கருதும் பழக்கமே காரணமாகத் தோன்றுகிறது. பொறி பழுதானால் உதிரியை மாற்றுவதுதானே வழக்கம்.

முறிந்த கட்டையைச் செம்மையாகச் சேர்ப்பதற்கான வழிமுறை புதிரானதன்று. பொறுமையே அதற்குப் பெரிதும் வேண்டியது. முதலில், குழலுக்குள் மருந்தோ குண்டோ இல்லை என்பதைத் தகுதியுள்ள ஒருவர் உறுதிசெய்ய வேண்டும். வாய்வழி மருந்திடும் துப்பாக்கிகளில் பல தலைமுறைகளுக்கு முன் இட்ட மருந்து அப்படியே கிடப்பதுண்டு. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். அடுத்து, பெட்டிக்குள் கிடந்த நிலையிலேயே படமெடுத்தல். சிதறிய சிம்புகளை ஒன்றுவிடாமல், அவை கிடந்த இடத்தைக் குறித்துத் தனித்தனி உறைகளில் சேர்த்தல். புதிதாக முறிந்த இரு முகங்களும் ஒன்றோடொன்று மயிரிழை பிசகாமல் பொருந்தக்கூடியவை; ஆனால் 'சேர்கிறதா பார்க்கலாம்' என்று கையால் அழுத்தி அழுத்திப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் நுண்ணிய நார்கள் நசுங்கி அந்தப் பொருத்தம் கெடுகிறது. பசையிடும் நாள்வரை அவற்றைத் தொடாதிருப்பதே நல்லது.

கழற்றும் வேலை அதற்குப் பிறகு. துருவேறிய திருகாணியின் பள்ளத்திற்குச் சரியாகப் பொருந்துமாறு தீட்டிய திருப்புளி வேண்டும். பொருந்தாத திருப்புளி வழுக்கிப் பள்ளத்தைச் சிதைக்கும். சிதைந்த திருகாணித் தலை, தகுதியற்ற கை பட்டதற்கான நிலையான அடையாளமாகிவிடும். கழுத்து மரத்தில் பல பத்தாண்டு எண்ணெய் ஊறிக் கறுத்திருப்பது வழக்கம். பூட்டுக்கு இட்ட எண்ணெய் மரத்திற்குள் கசிந்ததே அதன் காரணம். எண்ணெய் ஊறிய மரத்தில் எந்தப் பசையும் நிற்காது. அசிட்டோன் போன்ற கரைப்பான் கொண்டு முறிந்த முகத்தை மட்டும் படிப்படியாகத் தூய்மை செய்தாக வேண்டும்.

பசைத் தேர்வில்தான் முதன்மையான கருத்து வேறுபாடு எழுகிறது. எப்பாக்சி வலுவானது, இடைவெளியையும் நிரப்புகிறது. ஆனால் ஒருமுறை இறுகினால் மரத்தைப் புண்படுத்தாமல் அதைப் பிரிக்க இயலாது. தச்சர்கள் வச்சிரம் என்றழைக்கும் தோற்பசையோ வெதுவெதுப்பான ஈரத்தில் இளகிவிடும். நாளை மேலான முறை கண்டறியப்பட்டால் இன்றைய இணைப்பைப் பிரித்து மீண்டும் செய்யலாம். வலு இன்றியமையாத இடத்தில், மரத்தின் மேல் முதலில் பாரலாய்டு பி-72 போன்ற, கரைப்பானில் கரையக்கூடிய பிசினை ஒரு தடுப்புப் படலமாகப் பூசி, அதன்மேல் எப்பாக்சி இடும் முறையும் பேணல் துறையில் வழக்கில் உள்ளது. கழுத்தின் ஊடே துளையிட்டு உலோகக் கம்பி செருகுவது துப்பாக்கித் தச்சர்களின் பழைய வழி. தோளில் ஏந்திச் சுட வேண்டிய துப்பாக்கிக்கு அது தேவைப்படலாம். ஆனால் இனி ஒருபோதும் சுடப்படாத, பேழைக்குள் தாங்கிகளின் மேல் கிடக்கப்போகும் ஒன்றுக்கு அத்தனை வலு எதற்கு? பாரத்தைத் தாங்கி சுமக்கட்டும்.

ஒட்ட இயலாதபடி நொறுங்கிய சிம்பு ஒன்றிரண்டு எப்போதும் மிஞ்சும். அவற்றைக் குப்பைக்கு அனுப்புவது ஆய்வுலகின் இழப்பு. மரத்தின் உள்ளமைப்பைக் காண முழுப்பொருளிலிருந்து மாதிரி வெட்ட எந்தக் காப்பாளரும் இசையமாட்டார். முறிவு அந்த மாதிரியைத் தானாகவே தந்துவிட்டது. டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் மர மாதிரிகளின் பெருந்தொகுப்பு இருக்கிறது. கட்டை ஐரோப்பிய வால்நட்டா, பின்னாளில் உள்ளூர் மரத்தால் மாற்றப்பட்டதா என்ற வினாவை ஒரு சிம்பின் நுண்வெட்டு தெளிவுபடுத்தக்கூடும். முனைவர் பட்டத்திற்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள் இத்திசையில் ஏன் மிக அரிதாகவே திரும்புகிறார்கள் என்பது வியப்புக்குரியது.

லீ-என்ஃபீல்டு .303 துப்பாக்கியின் நிலை சற்று வேறானது. வங்காளத்தின் இச்சாப்பூரில் 1904 முதல் இயங்கிய ஆலையில் பெருமளவில் செய்யப்பட்ட இத்துப்பாக்கிக்கு, 2020 குடியரசு நாளன்றுதான் உத்தரப்பிரதேசக் காவல்துறை விடைகொடுத்தது. இதன் கட்டை ஒரே துண்டன்று. முன்கட்டை, பின்கட்டை எனப் பிரிந்தது. பின்கட்டையின் உள்ளே நெடுக ஓடும் ஒரு போல்ட் அதை உடலோடு பிணைக்கிறது. பழைய இலக்கம் 1 வகையில் அந்தப் போல்ட்டின் சதுர முனை முன்கட்டையின் பின்புறத்திலுள்ள சிறு தகட்டுக்குள் புகுந்து நிற்கும். முன்கட்டையைக் கழற்றாமல் போல்ட்டைத் திருகினால் அச்சதுர முனை சுழன்று முன்கட்டையைப் பிளந்துவிடும். வழியில் சேதமுற்றது பின்கட்டை மட்டுமே என்றாலும், பழுதுபார்க்க முனைந்தவர் முன்கட்டையையும் பிளப்பது இவ்வாறுதான். அந்த முன்கட்டையின் அடிப்பகுதியில்தான் துப்பாக்கியின் வரிசை எண் பொறிக்கப்பட்டிருக்கும். குழல், உடல், போல்ட், மரம் ஆகியவற்றின் எண்கள் ஒத்துப்போகின்றனவா என்பதிலிருந்தே, ஒரு துப்பாக்கி எத்தனை முறை பிரித்துக் கோக்கப்பட்டது என்ற கதையை ஆய்வாளர் படிக்கிறார். புது முன்கட்டை போட்டால் அந்தக் கதையில் ஒரு சாட்சி குறைகிறது.

இச்சாப்பூர்த் துப்பாக்கிகளில் மற்றொன்றும் காணலாம். தோட்டாப் பெட்டிக்குச் சற்று முன்னால், முன்கட்டையின் குறுக்கே ஒரு திருகாணி. 1960களில் 7.62 மி.மீ. தோட்டாவுக்காகச் செய்யப்பட்ட 2ஏ வகைகளில், பழைய கட்டைகளையே பயன்படுத்தி இவ்வலுவூட்டலைச் சேர்த்தார்கள். எறிகுண்டு ஏவுவதற்கென முன்கட்டையைச் சுற்றிக் கம்பி வரிந்த துப்பாக்கிகளும் உண்டு. இவற்றை 'அழகைக் கெடுக்கும் பிற்சேர்க்கை' என்று நீக்க விரும்புவோர் இருக்கிறார்கள். மரத்தை வீணாக்காமல் மீண்டும் மீண்டும் உழைக்க வைத்த ஓர் ஆலையின் பொருளியல் அந்தக் குறுக்குத் திருகாணியில்தான் இருக்கிறது. பழைய பழுதுபார்ப்பும் வரலாறே. புதிய பழுதுபார்ப்பு அதன் பக்கத்தில் தன்னைத் தனியே காட்டிக்கொள்ள வேண்டும், அதன்மேல் ஏறி அமரக்கூடாது.

இதற்கு எதிர்வாதம் உண்டு, அது வலுவானதும்கூட. துப்பாக்கி எல்லா இடத்திலும் அருங்காட்சியகப் பொருள் அல்லவே? குடகில் துப்பாக்கி இன்றும் குடும்பத்தின் உறுப்பினர் போன்றது. ஆயுதங்களை வைத்து வழிபடும் விழா ஆண்டுதோறும் அங்கே நிகழ்கிறது. பிறப்பையும் இறப்பையும் வெடியோசையால் அறிவிக்கும் மரபு இருக்கிறது. உரிமம் பெறுவதிலிருந்து குடவர்களுக்கு பிரிட்டிஷ் காலந்தொட்டு விலக்கும் தொடர்கிறது. அப்படியொரு வீட்டுத் துப்பாக்கியின் கட்டை முறிந்தால், 'ஒட்டிப் பேழையில் வையுங்கள்' என்று அறிவுரை கூறுவது, பயன்பாட்டில் உயிரோடிருக்கும் ஒன்றைப் பிணமாக்கிப் பாதுகாப்பதாகும். அங்கே புதுக்கட்டை போடுவதே முறை. சுடும்போது முகத்தருகே இருக்கும் கட்டையில் ஒட்டுப்போட்ட கழுத்தை நம்ப முடியாது என்பது பாதுகாப்பு சார்ந்த காரணமும்கூட. பழைய கட்டையை அடுப்பில் இடாமல் துப்பாக்கியோடு சேர்த்து வைத்திருக்க வேண்டும் என்ற ஒரு வேண்டுகோளுக்கு மட்டுமே ஆய்வாளருக்கு உரிமை இருக்கிறது.

ஆக, முதல் வினா பசை பற்றியது அன்று. இத்துப்பாக்கி இனி எதற்கு என்பதே. சட்டமும் வேறொரு வழியில் இதே வினாவை எழுப்புகிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, பழமையானதாகவோ பழுதுற்றதாகவோ இருந்து, பழுதுபார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடப் பயன்படாத ஆயுதங்களுக்கு விலக்களிக்கிறது. மரம் முறிந்ததால் மட்டும் ஒரு துப்பாக்கி அந்நிலையை எய்திவிடாது. குழலும் பூட்டும் செம்மையாக இருந்தால் அதைப் பழுதுபார்த்துச் சுட முடியும். அச்சட்டத்தின் 5ஆம் பிரிவோ துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழிலுக்கே உரிமம் கோருகிறது. விளைவு வருந்தத்தக்கது. உரிமம் பெற்ற துப்பாக்கித் தொழிலாளிக்குச் சுட வைக்கத் தெரியும்; மரப்பொருள் பேணல் கற்றவருக்குச் சான்றைக் காக்கத் தெரியும், ஆனால் அவர் துப்பாக்கியைத் தொடத் தயங்குகிறார். இவ்விருவரும் ஒரே மேசையில் அமர்ந்து வேலை செய்யும் ஏற்பாட்டை உருவாக்குவது அருங்காட்சியகங்களால் இயலாத செயலன்று. குழலையும் பூட்டையும் உரிமம் பெற்றவர் பிரித்துத் தம் பொறுப்பில் வைத்துக்கொள்ள, தனித்த மரக்கட்டை மட்டும் பேணல் கூடத்திற்குச் செல்லலாம்.

அனுப்பும் முன்னரே எழுதப்படும் நிலை அறிக்கையும் இதில் சேர வேண்டும். பழைய விரிசல் எது, வழியில் நேர்ந்தது எது என்று பிரித்தறிய முடியாததால்தான், இழப்பீட்டுப் பேச்சின் பரபரப்பில் எல்லா விரிசல்களும் ஒன்றாகச் சேர்த்து நிரப்பப்படுகின்றன. கழுத்தை நாற்புறமும் எடுத்த படங்கள், வரிசை எண்கள், முத்திரைகளின் அளவு, முந்தைய ஒட்டுகளின் வரைபடம் ஆகியவற்றைப் பதிவுசெய்ய ஒரு துப்பாக்கிக்கு அரை நாள் ஆகலாம். பழுதுபார்த்த பின்னரும் அதே கோணங்களில் படமெடுத்து, பயன்படுத்திய பசையின் பெயரையும் நாளையும் செய்தவர் பெயரையும் பொருட்பதிவேட்டில் எழுதி, காட்சிக் குறிப்பில் 'கழுத்துப் பகுதி போக்குவரத்தில் முறிந்து இணைக்கப்பட்டது' என்று ஒரு வரி சேர்த்தால், பார்வையாளரும் அந்த இடத்தைக் குனிந்து பார்ப்பார்.