தலைப்பிறை இரவும் எங்கள் வீட்டுப் பூனையும்



போன நோன்புப் பெருநாளுக்கு முந்திய இரவு. பிறை கண்டாச்சு என்று அறிவிப்பு வந்த கையோடு எங்கள் ஒழுங்கையில் வெடி தொடங்கிவிட்டது. நாங்கள் குசினியில் வட்டிலப்பத்துக்கு முட்டை அடித்துக்கொண்டிருந்தோம். பூனை எப்போது வெளியே பாய்ந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. பிள்ளைகள் அழுத கண்ணோடுதான் பெருநாள் தொழுகைக்குப் போனார்கள். மூன்றாம் நாள், நாலு வீடு தள்ளி ஒரு விறகுக் கொட்டிலுக்குள், கால் கிழிந்து, வாடிப்போய்க் கிடந்ததைக் கண்டெடுத்தோம்.

"டீச்சர், பெருநாள் சந்தோஷத்திலும் கை வைக்கிறீங்களா?" என்று கேட்பீர்கள். வெடியே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகளும் மத்தாப்பு கொளுத்துகிறவர்கள்தான்.

மனிதக் காதுக்கு சுமார் 20,000 ஹேர்ட்ஸ் வரைதான் கேட்கும். பூனைக்கு 60,000 தாண்டியும் கேட்கும். நமக்கு எட்டாத சத்தமும் அதற்கு எட்டும். சத்தம் ஏன் வருகிறது என்பதுதான் அதற்கு விளங்காது.

தீபாவளிக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் கலண்டரில் திகதி இருக்கிறது. நமக்கோ மஃரிபுக்குப் பிறகுதான் நாளை பெருநாளா என்று தெரியும். அப்போது பூனையைத் தேடினால் கிடைக்காது. ஆகவே 29ஆம் நோன்பு அன்று அஸர் தொழுததும் அதை உள்ளே எடுத்து, தீனி கொடுத்து, ஜன்னலைச் சாத்துங்கள். பிறை தெரியாவிட்டால் ஓர் இரவு சும்மா அடைத்து வைத்ததாகப் போகட்டும். ஒரு தட்டில் மணல், பழைய சாரம் விரித்த ஒரு காட்போட் பெட்டி, ஓடுகிற ஃபேன், மெதுவாக ரேடியோ. இவ்வளவும் போதும். கட்டிலுக்கடியில் ஒளிந்தால் இழுத்து எடுக்காதீர்கள், அதுதான் அதற்குப் பாதுகாப்பு. மடியில் வந்து படுத்தால் தடவிக் கொடுங்கள். செல்லம் கொடுத்தால் பயம் கூடிவிடும் என்பது வெறும் கதை.

தூங்கட்டும் என்று பனடோல் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஒரு குளிசையே பூனையைக் கொன்றுவிடும். மருந்து வேண்டுமென்றால் மிருக வைத்தியரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

ஓடிப்போனாலும் தூரம் போயிருக்காது. ஊர் அடங்கிய பிறகு டோர்ச் அடித்து அக்கம்பக்கத்துக் கொட்டில்களைப் பாருங்கள், கண் மின்னும். சத்தம் போட்டுக் கூப்பிட்டால் இன்னும் உள்ளே போய்விடும்.

எங்களுக்கு மிகவும் மனம் நொந்த விஷயம் வேறு. பூனையைக் கட்டிப் பட்டினி போட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸ் நம் மதரஸாப் பிள்ளைகளுக்குத் தெரியும். அதே பிள்ளைகள்தான் தெருநாய் மேல் கொளுத்திய வெடியை எறிகிறார்கள். பக்கத்தில் நிற்கும் பெரியவர்கள் சிரிக்கிறார்கள். வகுப்பில் நாங்கள் எவ்வளவு சொன்னாலும் அந்தச் சிரிப்பின் முன் அது எடுபடுவதில்லை.

இந்த முறை வெடியை ஒழுங்கைக்குள் கொளுத்தாமல் மைதானத்துக்குக் கொண்டு போவோமா? இரவு பத்து மணிக்கு முன் முடித்துக்கொள்வோமா? பக்கத்து வீட்டில் ஆடோ, பூனையோ, கைக்குழந்தையோ இருந்தால் கொளுத்த முதல் ஒரு குரல் கொடுங்கள். சம்மதம் என்றால் கீழே எழுதுங்கள். எங்கள் ஒழுங்கையில் ஏழு வீட்டார் ஏற்கெனவே சரி என்று சொல்லிவிட்டார்கள்.