விதையை மறந்த மலை

போடிநாயக்கனூர் ஏலச் சந்தையில் ஏலக்காயின் விலை ஏறியதும் இறங்கியதுமே பத்திரிகைகளில் திரும்பத் திரும்பப் பேசப்படுவதைக் கண்டு எனக்கு உண்டான மனத்தாங்கலைச் சொல்லாமலிருக்க இயலவில்லை. காயின் விலையில் இத்தனை சிரத்தை காட்டும் நாம், அதனுள் இருக்கும் கறுத்த மணியைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை.  அந்த மணிக்காகவே இந்த விண்ணப்பம்.

சமையலறை ஏலக்காயை உடைத்துத் தொட்டியில் விதைத்தும் முளைக்கவில்லையே என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அதில் அதிசயமில்லை. கடைக்கு வரும் காய், பச்சை நிறம் கெடாதிருக்கும்பொருட்டு, பழுப்பதற்கு முன்பே பறிக்கப்பட்டு, ஸ்டோர் என்னும் உலர்கூடத்தின் சூட்டில் உலர்ந்து, மூட்டையில் நெடுநாள் கிடந்து நம் கைக்கு வருவது. ஏல விதையோ, நாட்பட நாட்பட முளைக்கும் சக்தியை விரைவில் இழக்கும் ஸ்வபாவமுடையது. ஆகையால் விவரமறிந்த தோட்டக்காரர், நோயற்ற தூரிலிருந்து பழுத்த காயைச் செப்டம்பர் வாக்கில் பறித்து, பிதுக்கியெடுத்த மணிகளின்மேல் வழவழவென்று ஒட்டியிருக்கும் பசையைத் தண்ணீரில் அலசிப் போக்கி, அடுப்புச் சாம்பலில் புரட்டி, இரண்டு மூன்று நாள் நிழலில் உலர்த்தி, தாமதமின்றிப் பாத்தியில் வரிசையாக விதைக்கிறார். மேலே மெல்லிய மண்ணும், அதன்மேல் வைக்கோலும், தலைக்குமேல் பந்தல் நிழலுமாக இத்தனை உபசாரம் செய்தாலும், விதையுறை கடினமானதால், முதல் முளை தலைகாட்ட மூன்று வாரமும் ஆகலாம், ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம். ஈரம் மிஞ்சினால் நாற்றழுகல் பாத்தியையே சாய்த்துவிடும். தப்பிய நாற்று இரண்டாம் நாற்றங்காலில் வளர்ந்து, தோட்டத்துக்குப் போய், தரையோடு சரம் விட்டுக் காய்ப்பதற்குள் ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன.

இந்தப் பொறுமை இன்று அருகிவிட்டது. தூரைப் பிரித்துப் பக்கக்கன்றை நட்டால் பலனும் விரைவில் கிட்டும், தாயின் குணமும் மாறாது. இடுக்கியின் விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தேர்ந்தெடுத்த ஞள்ளானி ரகம் ஏலமலையெங்கும் பரவியது இவ்வழியில்தான். பிழைப்பு நடத்தவேண்டிய குடியானவரை இதற்காகக் குறைசொல்லும் உரிமை யாருக்குமில்லை. ஆனால் ஏலப்பூ தேனீயை நம்பி வாழ்வது. தேனீ வேற்றுச் செடியின் மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்ப்பதால், விதையில் பிறந்த பிள்ளைகளில் ஒன்றைப்போல் மற்றொன்று இராது. ஒன்று காய் சிறுத்துப்போகும், ஒன்று வறட்சியைத் தாங்கும், அபூர்வமாக ஒன்று தாயையும் விஞ்சிவிடும். ஞள்ளானியும் இப்படிப்பட்ட வேறுபாடுகளினிடையே ஒரு விவசாயியின் கூரிய பார்வையில் அகப்பட்ட செல்வமே அல்லவா? மேலும், அசுவினியால் பரவும் கட்டே நோய், நோயுற்ற தூரிலிருந்து பிரித்த கன்றோடு கூடவே புதுத் தோட்டத்துக்கும் குடிபோகிறது. விதையின் வழியாக அது செல்வதில்லை.

மலை முழுவதும் ஒரே தூரின் கன்றுகளாக நிறைந்துவிட்டால், புதிய பூச்சியோ மழையில்லாத கோடையோ வரும் காலத்தில் எதிர்த்து நிற்கும் செடியை எங்கே போய்த் தேடுவோம்? ஆராய்ச்சி நிலையங்கள் பலவகைச் செடிகளைப் பாதுகாக்கின்றன என்பது மெய். எனினும் ஆயிரம் தோட்டங்களில் ஆயிரம் கண்கள் தேடுவதற்கு அது ஈடாகாது. ஆகவே, கன்று நடுவதை நிறுத்தவேண்டாம். வரும் விதைப்பருவத்தில் ஒவ்வொரு தோட்டக்காரரும் ஒரே ஒரு பாத்தியை விதைக்கென்று ஒதுக்கி, அதில் எழும் செடிகளைக் காய்க்கும்வரை விட்டுவைத்துப் பார்க்கவேண்டும் என்பதே என் பிரார்த்தனை.