ஹோம்வொர்க் எழுதாதவன் பந்து போடக்கூடாதா?

2013 மார்ச். ஆஸ்திரேலியா இந்தியாவில் உதை வாங்கிக்கொண்டிருந்த நேரம். சேப்பாக்கத்தில் தோனி 224, அஸ்வினுக்கு 12 விக்கெட். அடுத்து ஹைதராபாத்தில் இன்னிங்ஸ் தோல்வி. நொந்துபோன பயிற்சியாளர் மிக்கி ஆர்தர் ஆட்டக்காரர்களுக்கு ஒரு வேலை கொடுத்தார். தானும் அணியும் எப்படி முன்னேறலாம் என்று ஆளுக்கு மூன்று யோசனை சொல்ல வேண்டும், இந்த நாளுக்குள் சொல்ல வேண்டும். நாலு பேர் சொல்லவில்லை. துணை கேப்டன் ஷேன் வாட்சன், மிட்செல் ஜான்சன், ஜேம்ஸ் பேட்டின்சன், உஸ்மான் கவாஜா. நாலு பேருக்கும் மொஹாலி டெஸ்ட் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஆமாம், ஒரு நாட்டின் தேசிய அணியில் நடந்ததுதான் இது. எட்டாம் வகுப்பு கணக்கு வாத்தியார்கூட பெஞ்ச் மேல் ஏற்றுவதோடு விட்டுவிடுவார்!

ஆர்தரும் கேப்டன் மைக்கேல் கிளார்க்கும் சொன்ன விளக்கம் என்ன? இது ஒரு நாள் தப்பு இல்லை, சின்னச் சின்ன ஒழுங்கீனங்கள் சேர்ந்து சேர்ந்து இங்கே வந்து நின்றிருக்கிறது, எங்காவது ஒரு கோடு போட்டாக வேண்டும் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் போட்ட கோடு எத்தனை நாள் தாங்கியது என்று பாருங்கள். மொஹாலியிலும் தோல்வி. அடுத்த டெல்லி டெஸ்டில் கிளார்க்குக்கு முதுகுவலி. அணிக்குத் தலைமை தாங்கியது யார்? அதே ஷேன் வாட்சன்! ஜான்சனும் பேட்டின்சனும்கூட அந்த டெஸ்டில் ஆடினார்கள். பத்து நாள் முன்னால் அணியின் பண்பாட்டுக்கே ஆகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர், பத்து நாளில் கேப்டன். அப்படியானால் அந்தப் பண்பாடு என்பது என்னதான்?

எதிர்த்தரப்புக்கும் ஒரு பாயிண்ட் உண்டு, மறைக்க வேண்டாம். அந்த நாலு பேர் போன இடத்தில்தான் மொஹாலியில் ஸ்டீவன் ஸ்மித்துக்கு வாய்ப்பு வந்தது, 92 அடித்தார். நல்ல விஷயம். ஆனால் ஸ்மித்தை எடுக்க வேண்டும் என்றால் அவர் பேட்டிங்கைப் பார்த்து எடுத்திருக்கலாமே. அதற்கு நாலு பேரின் ஹோம்வொர்க் நோட்டு எதற்கு?

தொடர் 4-0. ஜூன் மாதம், ஆஷஸ் தொடங்க மூன்று வாரம்கூட இல்லாத நிலையில், ஆர்தரின் வேலை போனது. அதே ஆண்டு நவம்பரில் ஆஸ்திரேலிய மண்ணில் அடுத்த ஆஷஸ். மீசையை முறுக்கிக்கொண்டு வந்த மிட்செல் ஜான்சன் அந்தத் தொடரில் எடுத்தது 37 விக்கெட். அடிலெய்டில் ஒரே இன்னிங்ஸில் 40 ரன்னுக்கு 7. ஆஸ்திரேலியா 5-0, தொடர் நாயகன் ஜான்சன். மூன்று யோசனை எழுதித் தராத அதே ஆள்தான்.

"டீம் கல்ச்சர்" என்ற வார்த்தையிலேயே ஒரு கோளாறு இருக்கிறது. ரன்னை எண்ணலாம், விக்கெட்டை எண்ணலாம். "இவன் அணியோடு ஒட்டவில்லை" என்பதை எதை வைத்து எண்ணுவது? எண்ண முடியாததை எதிர்த்து யாரும் வாதாடவும் முடியாது. அதனால்தான் தோற்ற மறுநாள் இந்த வார்த்தை வெளியே வருகிறது. ஜெயித்துக்கொண்டிருக்கும்போது "தனி ரகம்" என்று கொண்டாடப்பட்ட அதே ஆள், தோற்றதும் "ஒட்டாதவன்" ஆகிவிடுகிறான்.

எல்லாரும் நன்றாக ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஆஸ்திரேலியாவே உதாரணம். 2018 மார்ச், கேப்டவுன். பந்தை உப்புத்தாளால் தேய்த்து கேமராவில் மாட்டிக்கொண்டார் கேமரன் பேன்கிராஃப்ட். ஸ்மித்துக்கும் வார்னருக்கும் ஓராண்டுத் தடை, பேன்கிராஃப்டுக்கு ஒன்பது மாதம். ஏன் செய்தார்? பின்னால் அவரே பேட்டியில் சொன்னது: அணிக்குள் ஒட்டிக்கொள்ள வேண்டும், தன்னை மதிக்க வேண்டும் என்ற ஆசை. அன்றைக்கு அந்த ஓய்வறைக்குத் தேவைப்பட்டது "மாட்டேன் போ" என்று சொல்லும் ஒரே ஒரு ஒட்டாத ஆள்.

கவாஜா கதையை இன்னும் விசேஷமாகச் சொல்ல வேண்டும். அந்த இந்தியத் தொடரில் ஒரு டெஸ்ட்கூட ஆடாமலேயே தண்டனை வாங்கியவர் அவர். இஸ்லாமாபாத்தில் பிறந்தவர், ஆஸ்திரேலியாவுக்காக டெஸ்ட் ஆடிய முதல் முஸ்லிம். ஆரம்ப காலத்தில் தன்னைச் "சோம்பேறி" என்று முத்திரை குத்தியதற்கும் தன் பூர்வீகத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அந்தச் சோம்பேறிதான் 2018ல் துபாயில் பாகிஸ்தானுக்கு எதிராக எட்டு மணி நேரத்துக்கும் மேல் நின்று 141 அடித்து டெஸ்டைக் காப்பாற்றினார். 2023 டிசம்பரில் ஷூவில் எழுதிய வாசகத்துக்காக ஐசிசியோடு மோதினார். கேப்டன் பேட் கம்மின்ஸ் அவர் பக்கம் நின்றார். அணி உடைந்தா போயிற்று? பாகிஸ்தானை 3-0 என்று ஜெயித்தார்கள். அந்த ஆண்டின் சிறந்த டெஸ்ட் ஆட்டக்காரர் என்று அதே ஐசிசி விருதும் கொடுத்தது :-)

இங்கிலாந்து மட்டும் இதில் சளைத்ததா என்ன? 2012ல் கெவின் பீட்டர்சன் தென்னாப்பிரிக்க ஆட்டக்காரர்களுக்குச் சீண்டலாக எஸ்எம்எஸ் அனுப்பியது தப்பு, சந்தேகமே இல்லை. ஒரு டெஸ்ட் நீக்கினார்கள், மன்னிப்புக் கேட்டார், திரும்ப எடுத்தார்கள். தப்புக்குத் தண்டனை, தண்டனைக்கு ஒரு முடிவு. இதுதான் முறை. பலனும் கிடைத்தது: அந்த நவம்பரில் மும்பையில், சுழலும் ஆடுகளத்தில் 186. இந்தியாவில் 28 ஆண்டுகளுக்குப் பிறகு இங்கிலாந்து தொடரை வென்றது.

அப்புறம்தான் ஜான்சன் வந்து 5-0 ஆனது. அந்தத் தொடரில் இங்கிலாந்து சார்பில் அதிக ரன் எடுத்தவர் பீட்டர்சன், 294. 2014 பிப்ரவரியில் வெளியே அனுப்பப்பட்டவரும் அவரே. இந்த முறை குறிப்பாக இன்ன தப்பு என்று எதுவும் சொல்லவில்லை. அணியின் தத்துவத்தைப் புதிதாகக் கட்டப் போகிறோம் என்றார்கள். 104 டெஸ்ட், 8181 ரன், 23 சதம் அடித்தவருக்கு அந்தத் தத்துவத்தில் இடம் இல்லையாம். அந்தத் தத்துவத்தோடு 2015 உலகக் கோப்பைக்குப் போய், வங்கதேசத்திடம் தோற்று, முதல் சுற்றோடு வீடு திரும்பினார்கள்.

அதே ஆண்டு மே 11. ஓவல் மைதானத்தில் சர்ரே அணிக்காக பீட்டர்சன் நாள் முடிவில் 326 நாட் அவுட். அன்று மாலை அவரைச் சந்தித்த இங்கிலாந்து கிரிக்கெட் இயக்குநர் ஆண்ட்ரூ ஸ்ட்ராஸ், நம்பிக்கை இல்லை, அணியில் இடம் கிடையாது என்று சொல்லி அனுப்பினார். மறுநாள் காலை பேட்டை எடுத்துக்கொண்டு வந்து, 355 வரை கொண்டு போனார் மனுஷன். கடைசிவரை அவுட் ஆகவில்லை.