கெடு மாணவருக்கு மட்டும்தானா?

வெளிநாட்டில் முதுகலை, முனைவர் பட்டம் படிக்க ஒன்றிய அரசு தரும் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகையில் 125 இடங்கள். 115 பட்டியல் சாதியினருக்கு. புன்னைக்காயல் வட்டாரத்தில் ஒரு தலித் பிள்ளை இதற்கு விண்ணப்பிக்க வேண்டுமென்றால், முதலில் நிபந்தனையற்ற சேர்க்கைக் கடிதம் கையில் இருக்க வேண்டும். அதற்குப் பேராசிரியர்களின் பரிந்துரையை முந்தைய ஆண்டே கேட்டு வாங்கியிருக்க வேண்டும். வருமானச் சான்று தனி அலைச்சல். ஒரு நாள் பிந்தினாலும் இணையதளம் மூடிவிடும்.

அமைச்சகம் என்ன செய்தது? 2025 ஜூலையில் 106 பேரைத் தேர்ந்தெடுத்தது. 40 பேருக்கு மட்டும் கடிதம் கொடுத்தது. மீதி 66 பேருக்கு, நிதி இருந்தால் பார்க்கலாம் என்றது. செப்டம்பரில் வகுப்பு தொடங்கும், அதற்குள் விசா வேண்டும், விசாவுக்குப் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். பல்கலைக்கழகம் காத்திருக்குமா? வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கேள்வியே வராது.

பட்டியல் வெளியாகும் நாளிலேயே அத்தனை பேருக்கும் கடிதம் தர வேண்டும். பட்ஜெட்டிலேயே அதற்குப் பணம் ஒதுக்க வேண்டும்.