கதவைச் சாத்திய கதைப் பத்திரிகை

2023-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் தேதி, அமெரிக்காவிலிருந்து வெளிவரும் 'கிளார்க்ஸ்வேர்ல்டு' என்னும் விஞ்ஞானக் கதைப் பத்திரிகை, இனிப் புதிய கதைகளைப் பெறுவதில்லை என்று அறிவித்தது. 2006 முதல் மாதந்தோறும் இணையத்தில் வெளிவரும் பத்திரிகை அது. கற்பனைக் கதைகளையும் விஞ்ஞானக் கதைகளையும் விரும்பிப் படிப்பவர்களிடையே அதற்கு நல்ல பெயர் உண்டு. உலகின் எந்த மூலையில் இருப்பவரும் அதற்குக் கதை அனுப்பலாம். கட்டணம் இல்லை, சிபாரிசும் தேவையில்லை. அப்படித் திறந்தே கிடந்த கதவை அதன் ஆசிரியர் நீல் கிளார்க் சாத்திவிட்டார்.

காரணம் வினோதமானது. அந்த மாதத்தின் முதல் இருபது நாட்களில் மனிதர்கள் எழுதிய கதைகள் சுமார் 700 வந்தன. கம்ப்யூட்டர் எழுதிய கதைகள் சுமார் 500 வந்தன! 2022 நவம்பர் 30 அன்று 'சாட்ஜிபிடி' என்ற உரையாடும் நிரலை ஓப்பன்ஏஐ நிறுவனம் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. அதற்குப் பிறகு மூன்று மாதங்கள்கூட முடிந்திருக்கவில்லை.

இவற்றை அனுப்பியவர்கள் யார்? எழுத்தாளராக வேண்டும் என்று ஏங்கியவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 'உட்கார்ந்த இடத்தில் சுலபமாகப் பணம் பண்ணலாம்' என்று ஆசை காட்டும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு வந்தவர்களே இவர்களில் மிகுதி என்பது கிளார்க்கின் கணிப்பு. அப்போது அந்தப் பத்திரிகை சொல்லுக்கு 12 சென்ட் வீதம் சன்மானம் கொடுத்து வந்தது. ஐயாயிரம் சொற்கள் கொண்ட கதை என்றால் 600 டாலர். விஞ்ஞானக் கதையை வாழ்நாளில் ஒன்றுகூடப் படித்திராதவரும், 'ஒரு கதை எழுது' என்று இயந்திரத்துக்குக் கட்டளையிட்டு, அது துப்பியதை அப்படியே அனுப்பிவிட்டு, அதிர்ஷ்டச் சீட்டு வாங்கியவர்போலக் காத்திருந்தார். சீட்டு வாங்கவாவது காசு வேண்டும். இதற்கு அதுவும் வேண்டியதில்லை.

வந்த கதைகளின் தரம் எப்படி? மகா மட்டம்! இதே வெள்ளத்தில் சிக்கிய இன்னொரு பத்திரிகை, ஐசக் அசிமோவின் பெயரைத் தாங்கி வெளிவருவது. அதன் ஆசிரியர் ஷீலா வில்லியம்ஸுக்கு வந்த இயந்திரக் கதைகளில் பலவற்றுக்கு ஒரே தலைப்பு: 'கடைசி நம்பிக்கை'. ஒருவரை ஒருவர் அறியாத பலர் தனித்தனியே அனுப்பியவை அவை.

தலைப்பு ஏன் ஒன்றாகவே அமைந்தது? இந்த இயந்திரம் வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால் இது புரிந்துவிடும். கோடிக்கணக்கான பக்கங்களைக் கொண்டு அதற்குப் பயிற்சி அளிக்கிறார்கள். 'ஒரு ஊரில் ஒரு' என்று நாம் ஆரம்பித்தால், அடுத்து 'ராஜா' வரக்கூடும், 'கிழவி' வரக்கூடும், 'கால்குலேட்டர்' வருவது அரிது என்பதை அது கணக்கிட்டு வைத்திருக்கிறது. அடுத்து எது வரக்கூடும் என்று பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு துண்டாக ஒட்டிக்கொண்டே போகிறது. இன்று இந்த வித்தை எவ்வளவோ நுட்பமாகிவிட்டது. ஆயினும் அடிப்படை இதுதான். வேறு குறிப்பு எதுவும் கொடுக்காமல் 'விஞ்ஞானக் கதை எழுது' என்று மட்டும் கேட்டால், பலர் நடந்து தேய்ந்த பாதையிலேயே அது நடக்கும். அழியப்போகும் பூமி, கடைசி விண்கலம், கடைசி நம்பிக்கை!

இதற்கு ஒரு தாத்தா உண்டு என்றால் நம்புவீர்களா? 1726-இல் வெளிவந்த 'கலிவரின் பயணங்கள்' நூலில் ஜோனதன் ஸ்விஃப்ட் ஒரு புத்தக இயந்திரத்தை வர்ணிக்கிறார். இருபது அடிச் சதுரமான ஒரு சட்டம், அதில் மரக்கட்டைகள், கட்டைகளின் மேல் அந்நாட்டு மொழியின் சொற்கள் ஒட்டப்பட்டிருக்கின்றன. சுற்றிலும் நாற்பது இரும்புக் கைப்பிடிகள். நாற்பது மாணவர்கள் கைப்பிடிகளைத் திருகியதும் சொற்களெல்லாம் இடம் மாறுகின்றன. எங்காவது மூன்று நான்கு சொற்கள் சேர்ந்து பொருள் தருவதுபோல் அமைந்தால் உடனே எழுதிக்கொள்கிறார்கள். படிப்பும் திறமையும் இல்லாத ஆள்கூட இதை வைத்துத் தத்துவம் முதல் கணிதம் வரை நூல்கள் எழுதிவிடலாம் என்று அங்குள்ள பேராசிரியர் பெருமை அடித்துக்கொள்கிறார். ஸ்விஃப்ட் இதைக் கேலியாகத்தான் எழுதினார். அவருடைய இயந்திரம் குருட்டாம்போக்கில் சொற்களைக் கலைத்தது. இன்றைய இயந்திரம் நிகழ்தகவைக் கணக்கிட்டுச் சொற்களை எடுக்கிறது. அந்த வேற்றுமை பெரியதுதான். எனினும் பேராசிரியரின் விளம்பரத்தையும் இன்றைய வீடியோக்காரர்களின் விளம்பரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்; முந்நூறு ஆண்டுகளில் அதிக மாற்றம் இல்லை.

1953-இல் ரோல்ட் டால் எழுதிய ஒரு சிறுகதையிலும் கதை எழுதும் இயந்திரம் வருகிறது. அதைக் கட்டிய இளைஞன், இனி எழுதுவதில்லை என்று எழுத்தாளர்களிடம் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குகிறான். ஓராண்டுக்குள் ஆங்கிலத்தில் வெளியாகும் கதைகளில் பாதி அவன் இயந்திரத்தின் சரக்கு ஆகிவிடுகிறது. கதாசிரியர்களைவிட இயந்திரம் நன்றாக விற்கும்படி எழுதிவிட்டால் என்ன ஆகும் என்பதே டாலின் பயம். நடந்ததோ வேறு. கிளார்க்கிடம் வந்த இயந்திரக் கதைகள் எவரையும் வென்றுவிடவில்லை. வாசலை அடைத்துக்கொண்டு நின்றன, அவ்வளவுதான். மட்டமான சரக்கு மலிவாகவும் மலைமலையாகவும் வந்து குவிந்தால் அதுவே ஓர் ஆபத்து என்பதை அந்த இரண்டு கதைகளும் எதிர்பார்க்கவில்லை.

ஒரு பத்திரிகைக்குக் கதை வராமல் போனால் நமக்கு என்ன நஷ்டம் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு 1938-ஆம் ஆண்டு நியூயார்க் நகருக்குப் போக வேண்டும்.

அங்கே மிட்டாய்க் கடை வைத்திருந்த ஒருவரின் மகனுக்கு அப்போது வயது பதினெட்டு. 'காஸ்மிக் கார்க்ஸ்க்ரூ' என்ற தன் முதல் கதையை எழுதி முடித்த அவன், ஜூன் 21 அன்று அதைக் கையில் எடுத்துக்கொண்டு, 'அஸ்டவுண்டிங்' பத்திரிகையின் அலுவலகத்துக்கு நேரே போய்விட்டான். அந்தக் காலத்து விஞ்ஞானக் கதை உலகில் பெரும்புள்ளியான அதன் ஆசிரியர் ஜான் கேம்பல், பெயர் தெரியாத அந்தப் பையனை உட்காரவைத்து ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசிக்கொண்டிருந்தார். இரண்டு நாட்களில் கதையைத் திருப்பியும் அனுப்பிவிட்டார். ஆனால் வெறுமனே அனுப்பவில்லை. கதையில் என்ன கோளாறு என்று இரண்டு பக்கக் கடிதம் எழுதி இணைத்திருந்தார். பையன் சோர்ந்துவிடவில்லை. மேலும் மேலும் எழுதினான். அவன் கதை முதன்முதலில் அச்சேறியது வேறொரு பத்திரிகையின் 1939 மார்ச் இதழில். கிடைத்த சன்மானம் 64 டாலர். அந்தப் பையன்தான் ஐசக் அசிமோவ்.

கேம்பலின் மேசைமேல் அன்று ஐந்நூறு இயந்திரக் கதைகள் கிடந்திருந்தால் அவருக்கு அந்த ஒரு மணி நேரம் கிடைத்திருக்குமா? இரண்டு பக்கக் கடிதம் எழுதத்தான் மனம் வந்திருக்குமா? என் கவலை இதுதான். பெயர் பெற்ற எழுத்தாளருக்கு இந்த வெள்ளத்தால் பெரிய தொல்லை இல்லை. அவர் பெயரைப் பார்த்ததும் கதையைத் தனியே எடுத்து வைத்துவிடுவார்கள். குவியலுக்குள் புதைந்து போகிறவர், முதல் கதையை அனுப்பும் பதினெட்டு வயதுக்காரர்.

கிளார்க்குக்குச் சுலபமான வழிகள் பல இருந்தன. கதைக்கு இவ்வளவு என்று கட்டணம் வைக்கலாம். தெரிந்த எழுத்தாளர்களிடம் மட்டும் வாங்கலாம். அதிகமாகக் குப்பை வரும் நாடுகளை ஒட்டுமொத்தமாகத் தடுத்துவிடலாம். புதியவர்களும் வெளிநாட்டவர்களும்தான் இதில் அடிபடுவார்கள் என்று சொல்லி அவர் இவற்றை ஒதுக்கினார். நம்மூரிலிருந்து ஒரு கதையை அனுப்ப டாலரில் கட்டணம் கட்டவேண்டும் என்றால் எத்தனை பேரால் முடியும்? அவர் அந்தச் சுலப வழிகளில் போகாததை நான் பெரிதும் மதிக்கிறேன். கதைகளைப் பெறுவதற்கான மென்பொருளைத் தாமே எழுதி வைத்திருந்தவர் அவர். அதில் சந்தேகத்துக்குரியவற்றைப் பிரித்துக் காட்டும் ஏற்பாடுகளைச் சேர்த்து, மார்ச் மாதமே கதவை மறுபடி திறந்துவிட்டார். அந்த ஏற்பாடுகளின் விவரத்தை அவர் வெளியிடவில்லை. திருடனுக்குப் பூட்டின் வரைபடத்தைக் கொடுப்பார்களா?

'இயந்திரம் எழுதியதைக் கண்டுபிடிக்க இன்னொரு இயந்திரத்தை வைத்தால் போகிறது' என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். வைத்துப் பார்த்தார்கள். சாட்ஜிபிடியைச் செய்த ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அப்படி ஒரு கருவியை வெளியிட்டது. நிறுவனத்தின் சொந்தச் சோதனையிலேயே, இயந்திரம் எழுதியவற்றில் 26 சதவீதத்தைத்தான் அது சரியாகச் சுட்டிக்காட்டியது; மனிதர் எழுதியவற்றில் 9 சதவீதத்தை இயந்திரத்தின் வேலை என்று பழி சுமத்தியது. துல்லியம் போதாது என்று கூறி அதே ஆண்டு ஜூலையில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

அதைவிட நாம் கவனிக்க வேண்டியது, அதே 2023-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஒரு சோதனை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் 'டோஃபல்' தேர்வுக்காகத் தாமே எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கண்டறியும் கருவிகளிடம் கொடுத்தார்கள். சராசரியாக 61 சதவீதக் கட்டுரைகளை 'இயந்திரம் எழுதியது' என்று அவை தீர்ப்பளித்தன! ஏதாவது ஒரு கருவியிடமாவது மாட்டிக்கொண்டவை 89. அமெரிக்காவின் எட்டாம் வகுப்பு மாணவர்கள் எழுதியவற்றிலோ தவறு ஏறக்குறைய இல்லை. அடுத்து வரும் சொல்லை எவ்வளவு எளிதாக ஊகிக்க முடிகிறது என்பதை வைத்தே இக்கருவிகள் பெரும்பாலும் முடிவு செய்கின்றன. பிற மொழியில் எழுதுகிறவர் பழகிய எளிய சொற்களையே கையாளுவார். அது குற்றமாகிவிட்டது. தமிழ் வழியில் படித்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஓர் ஆங்கிலக் கட்டுரையை இரண்டு நாள் உழைத்து எழுதும் மாணவியை எண்ணிப் பாருங்கள். அவளைப் பொய்யள் என்று ஒரு நிரல் சொல்லிவிட்டால், அவள் எந்த நீதிமன்றத்தில் முறையிடுவாள்?

மனிதர்களை எடைபோடும் வேலையை இயந்திரத்திடம் விடுவதால் வரும் வம்புக்கு விஞ்ஞானக் கதை உலகிலேயே இன்னோர் உதாரணம் உண்டு. 2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உலக விஞ்ஞானக் கதை மாநாடு நடந்தது. அதில் பேச விரும்பியவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். அவர்களின் பின்னணியை விசாரிக்க சாட்ஜிபிடியைப் பயன்படுத்தியதாக ஏப்ரல் கடைசியில் மாநாட்டுக் குழு தெரிவித்ததும் கடும் எதிர்ப்பு எழுந்தது. தங்கள் நூல்களை அனுமதியின்றி விழுங்கி வளர்ந்த இயந்திரத்திடமே தங்கள் பெயரைக் கொடுத்து விசாரிப்பதா என்று எழுத்தாளர்கள் பொங்கினார்கள். பொறுப்பாளர்கள் மூவர் பதவி விலகினர். தலைவர் மன்னிப்புக் கேட்டார். விசாரணையை மனிதர்களைக் கொண்டு மறுபடி நடத்த வேண்டியதாயிற்று.

அப்படியானால் இயந்திரத்தைத் தொடவே கூடாதா? அந்த அளவுக்கு நான் போகமாட்டேன். ஜப்பானில் 2024 ஜனவரியில் புகழ்பெற்ற அகுதகாவா பரிசைப் பெற்ற எழுத்தாளர் ரியே குடான், தம் நாவலில் ஏறத்தாழ 5 சதவீதம் சாட்ஜிபிடியின் வாசகம் என்று தாமே கூறினார். உடனே கூச்சல் எழுந்தது. எதிர்கால டோக்கியோவைப் பற்றிய அந்த நாவலில், பாத்திரங்களின் கேள்விக்கு ஓர் இயந்திரம் பதில் சொல்கிறது. அந்தப் பதிலுக்கே இயந்திரத்தின் வாசகத்தைப் பயன்படுத்தினார் என்பது பிறகு தெளிவாயிற்று. இயந்திரப் பாத்திரத்துக்கு இயந்திரத்தையே பேசவிட்டதில் எனக்குக் குற்றம் தெரியவில்லை. அவர் அதை மறைக்கவும் இல்லை.

எல்லோரும் இப்படி நினைப்பதில்லை. அமெரிக்க விஞ்ஞானக் கதை எழுத்தாளர் சங்கம் தன் 'நெபுலா' விருதுக்கான விதிகளை 2025 டிசம்பரில் மாற்றியபோது, இயந்திர உதவியை வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் போதும் என்பதுபோல் முதலில் எழுதிவிட்டது. உறுப்பினர்களின் எதிர்ப்பு பலமாக வரவே, முழுவதுமாகவோ பகுதியாகவோ இயந்திரம் எழுதிய படைப்புக்கு இடமில்லை என்று உடனே திருத்தியது. குடானின் நாவல் அந்த விதியின்படி தேறாது. கொஞ்சம் கெடுபிடிதான். ஆனால் கதவுக்கு வெளியே எத்தனை ஆயிரம் 'கடைசி நம்பிக்கை'கள் காத்திருக்கின்றன என்று பார்க்கும்போது, விதியைச் சற்று இறுக்கமாகவே வைத்தவர்களின் பக்கம் என் மனம் சாய்கிறது. பாதி இறுக்கமான விதியைப் புரிந்துகொள்ள நேர்மையானவர்கள்தாம் தலையை உடைத்துக்கொள்வார்கள். ஏமாற்றுகிறவருக்கு எந்த விதியும் ஒன்றுதான்.

உங்களில் கதை எழுதுகிறவர்கள் கட்டாயம் இருப்பீர்கள். அடித்துத் திருத்திய பக்கங்களைத் தூக்கி எறியாதீர்கள். கம்ப்யூட்டரில் எழுதினாலும் முதல் வடிவம், இரண்டாம் வடிவம் என்று தனித்தனியே சேமித்து வையுங்கள். ஏதாவது ஒரு நிரல் நாளை உங்களைச் சந்தேகித்தால், காட்டுவதற்கு அந்தக் கிறுக்கல்கள் இருக்கும். அசிமோவின் அந்த முதல் கதை இன்று நமக்குக் கிடைக்கவில்லை. கையெழுத்துப் பிரதி எப்படியோ தொலைந்துவிட்டது. ஆனால் அவர் 1938 ஜனவரி முதல் நாட்குறிப்பு எழுதி வந்தார். கேம்பலின் அறைக்குள் அவர் நுழைந்த தேதி நமக்குத் தெரிந்திருப்பது அதனால்தான்.