எல்லாம் பல்லுக்குத்து இல்லை

அம்மம்மாவுக்கு முகம் கழுவவே பயம். தண்ணி பட்டால் வலக்கன்னத்தில கரண்ட் அடிச்ச மாதிரி ஒரு வலி. சில செக்கனில போயிடும். பல்லுக்குத்து எண்டு ரெண்டு பல்லைப் புடுங்குவிச்சம். வலி போகேல்லை.

கடைசியில்தான் தெரிந்தது, அது முகத்தின் உணர்வைக் கொண்டுபோகும் முக்கிளை நரம்பின் வலி. பெரும்பாலும் இரத்தக்குழாய் ஒன்று அந்த நரம்பை அழுத்துவதால் வருவது. பனடோலுக்குக் கேட்காது, வலிப்புக்குக் கொடுக்கிற கார்பமசெபின் கேட்கும்.

பிழை பல்லில் இல்லை, "வயசு போனால் அப்பிடித்தான்" என்ற எங்கட கதையில்தான். பல் தீட்டும்போது, சாப்பிடும்போது, காற்றுப் படும்போது ஒரு பக்கம் மட்டும் இப்படி வலித்தால், பல்லைப் புடுங்க முதல் டொக்டரிட்டைக் காட்டுங்கோ. திடீரென முகம் கோணினால், விறைத்தால், பேச்சுக் குழறினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.

அம்மம்மா இழந்த ரெண்டு பல்லும் நல்ல பல்லு.